இடது மூலை

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினான். கண்ணாடியில் முகம் பாதிதான் இருந்தது. மூக்கு இருந்தது. வாயில் முக்கால்வாசி இருந்தது. இடது காது இருக்கவேண்டிய இடத்தில், நனைந்த சாக்குத் திரை மாதிரி கறுப்பாக ஏதோ தொங்கியது.

கையை எடுத்தான். முகம் முழுசாகத் திரும்பி வந்தது. வலது கண் திறந்திருக்கும்வரை முகத்துக்குக் குறையில்லை.

முந்தாநாள் ஆட்டத்தில் பந்து பட்டதிலிருந்து இடது கண்ணின் ஓரத்தில் பொறி பறந்துகொண்டிருந்தது. வெல்டிங் பட்டறையைத் தாண்டிப் போகும்போது தெரியுமே, அது மாதிரி. தானாக அடங்கிவிடும் என்று விட்டான். நேற்று சாயங்காலம் பொறி நின்று நிழல் ஒன்று வந்தது. யாரோ பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பது போல இருந்தது. இரண்டு முறை திரும்பி "யாரு?" என்று கேட்டே விட்டான். இன்று காலை அந்த ஆள் உள்ளேயே வந்து நின்றுவிட்டான்.

"மாமா, உள்ள குடியிருக்கப் போறீங்களா?" வெளியே மைத்துனன் தட்டினான். "எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கு."

"வர்றேன்டா. ஓட்டலையே எழுப்பாத."

துறைமுகத்திலும் சரி, அணியிலும் சரி, அவன் பெயர் கதவு. கோல் வாசலில் அவன் நின்றால் சாத்திய கதவு மாதிரி என்று எவனோ சொல்லப்போய் ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் பெண்டாட்டிகூட, "ஏ கதவு, வாயைத் திறந்து பேசு" என்பாள். அவளுடைய தம்பிதான் வெளியே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவன். அணியின் இரண்டாவது கீப்பர்.

பந்தைக் கையால் எறிந்து கோல் போடுகிற ஹேண்ட்பால் ஆட்டத்தின் உலகப் போட்டிக்கு அவர்கள் நாடு வந்திருப்பது இதுதான் முதல் தடவை. மற்ற நாட்டுக்காரர்களுக்கு ஆடுவதே தொழில். இவர்களில் பாதிப்பேர் ஒரே துறைமுகத்து ஆட்கள். ஷிப்டு முடிந்து, சரக்குத் தளத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் ஆடி ஆடி மேலே வந்தவர்கள். ஒரு ஆட்டத்தில் தோற்று ஒன்றில் ஜெயித்திருந்தார்கள். இன்று ஜெயித்தால் அடுத்த சுற்று. இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அணியோடு வந்திருந்த டாக்டரம்மாவும் துறைமுக ஆஸ்பத்திரிக்காரர்தான். வருஷா வருஷம் கிரேன் ஓட்டுகிறவர்களின் கண்ணைப் பரிசோதிப்பவர் அவர். முந்தாநாள் பந்து பட்டதும் ஓடிவந்து கேட்டபோது, "நெத்தியில பட்டுச்சு டாக்டரம்மா, அது கருங்கல்லு" என்று கதவு சிரித்தான். அவர் நேராக விரலை நீட்டினார், இவன் எண்ணிச் சொன்னான், ஆட்டம் தொடர்ந்தது.

பயம் டாக்டரம்மாவிடம் இல்லை. ஏணியிடம். கதவு மீசை முளைக்கும் முன்பே மூட்டை தூக்க வந்தவன். சிமெண்டு தின்ற தோள் இன்னும் பாறாங்கல்லைத் தடவுவது போலத்தான் இருக்கும். விடிந்தால் கட்டிலிலிருந்து இறங்கச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து ஏணி ஏறி கிரேன் கேபினுக்குப் போய்ச் சேர்ந்தவன். மேலே உட்கார நாற்காலி உண்டு, காற்று உண்டு. அவனுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பெரியவருக்கு ஒரு கண் மங்கியது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது என்று சொல்லிக் கீழே இறக்கிவிட்டார்கள். இப்போது கிடங்கைப் பெருக்குகிறார். எதிரே கதவு வந்தால் குனிந்துகொண்டு ஒரே இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்குவார். அந்தத் துடைப்பம் மட்டும் காலையிலிருந்து கதவின் இரண்டு கண்ணுக்கும் நன்றாகத் தெரிந்தது.

இன்று ஒரு நாள். இதைத் தாண்டிவிட்டால் ஊருக்குப் போய், துறைமுகத்துக்குச் சம்பந்தமே இல்லாத டாக்டர் யாரையாவது பார்த்துக்கொள்ளலாம். அதுதான் அவன் போட்டிருந்த கணக்கு.

சாப்பாட்டுக் கூடத்தில் மைத்துனன் வைத்த டீயைக் கை துழாவியது. பஸ்ஸில் ஏறும்போது கம்பியில் தோள் இடித்தது.

"கதவே கம்பியில முட்டுதுடா!" தடுப்பாட்டத்தில் நடுவில் நிற்பவன் சத்தம் போட்டான். அவன் உடம்பைப் பார்த்து எல்லாரும் லாரி என்பார்கள். "கீல் கழண்டுருச்சா? எண்ணெய் போடணுமா?"

"உன் வாய்க்கு முதல்ல பிரேக் போடு" என்றான் கதவு. பஸ் சிரித்தது. மைத்துனன் சிரிக்கவில்லை. கதவு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கழுத்துல என்ன மாமா?"

"சுளுக்கு."

அரங்கத்தில் விளக்குகள் அனைத்தும் எரிந்தன. தரை கண்ணைக் குத்துகிற நீலம். ஆட்கள் இன்னும் நிரம்பவில்லை. பந்து தரையில் தட்டப்படும் ஓசை ஒவ்வொன்றும் கூரைவரை போய் இரண்டாகத் திரும்பி வந்தது.

கீப்பரைச் சூடேற்ற அவர்களிடம் ஒரு வரிசை உண்டு. தகரக் கொட்டகைக் காலத்திலிருந்து மாறாத வரிசை. முதல் ஆள் வலது காலடிக்கு எறிவான், அடுத்தவன் இடது காலடிக்கு, பிறகு இடுப்புக்கு, பிறகு தோளுக்கு மேல். ஆட்டத்துக்கு முன்னால் கீப்பர் மிரண்டுவிடக் கூடாது. பந்து வரும் இடம் அவனுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், உடம்புக்குத் தைரியம் வர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. வரிசையை மீறி எறிந்தவன் கொட்டகையில் உதை வாங்கியிருக்கிறான். கீப்பர் தேறுவானா மாட்டானா என்பதை கோச்சும் இதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

கண்ணைக் கட்டி நிறுத்தினாலும் கதவு அந்த வரிசைக்குத் தடுப்பான். வலது கால், இடது கால், இடுப்பு, தோள். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. "தாழ்ப்பாள் கெட்டியா இருக்கு" என்று கோச் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வேறு பக்கம் போனார். கதவுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கண் சரியாகிவிட்டதோ? காலையில் பார்த்தது தூக்கக் கலக்கமோ? எதிரே அடுத்தவன் பந்தோடு ஓடி வந்தான். வலது காலடிக்கு வரும். கதவு முழங்காலை மடக்கினான்.

காதருகே காற்று கிழிந்தது. பின்னால் வலை குலுங்கியது.

திரும்பினான். வலைக்குள் ஒரு பந்து உருண்டுகொண்டிருந்தது. எங்கிருந்து வந்தது? இன்னும் திரும்பினான். இடது மூலையில் மைத்துனன் நின்றான். எறிந்த கை அப்படியே நீண்டிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"டேய், வரிசையை மீறாத!" லாரி கத்தினான். "உங்க அக்காவை விதவையாக்கப் பாக்குறியா?"

"கை வழுக்கிடுச்சு" என்றான் மைத்துனன். பந்து ஒட்டுவதற்காகப் பிசின் பூசிய கை வழுக்காது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் மேலே கேட்கவில்லை.

உடை மாற்றும் அறையில், குளிக்கும் தடுப்புக்குள் கதவின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டான் மைத்துனன். தண்ணீர் இரைச்சலில் வெளியே கேட்காது.

"எந்தக் கண்ணு மாமா?"

"என்னடா எந்தக் கண்ணு?"

"நடிக்காதீங்க. நான் விட்ட பந்து உங்க மூஞ்சிக்கு ஒரு சாண் தள்ளிப் போச்சு. இமைகூட ஆடல. மாடா இருந்தாக்கூட மிரண்டிருக்கும்."

தண்ணீர் இருவர் ஷூவையும் நனைத்தது.

"இடதா?"

"ஓரத்துல மட்டும்தான்டா. நேரா எல்லாம் தெரியுது."

"நான் டாக்டரம்மாகிட்ட சொல்றேன்."

"போய்ச் சொல்லு. சொன்னா கோல்ல நீதான் நிக்கணும். நிக்கிறியா?"

மைத்துனன் சுவரைப் பார்த்தான். முதல் ஆட்டத்தில் அவனைச் சற்று நேரம் நிறுத்தினார்கள். வந்த பந்தெல்லாம் உள்ளே போனது. கடைசியில் பந்து வருவதைப் பார்த்து முகத்தை மூடிக்கொண்டான். அதை அரங்கத்துப் பெரிய திரையில் திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டினார்கள்.

"வலிக்கிற இடம் பாத்து அடிக்கிறீங்க" என்றான்.

"கேபினை எடுத்துருவாங்கடா." கதவின் குரல் அவனுக்கே பிடிக்காத மாதிரி கெஞ்சியது. "உங்க அக்காவுக்கு என்ன பதில் சொல்லுவேன்? இந்தத் தோளு இனிமே மூட்டை தாங்காது. உனக்குத் தெரியாதா?"

"அந்த கேபினுக்குக் கீழ யாரு மாமா நிக்கிறது?"

கதவு குழாயை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டான்.

"சொல்லுங்க. கொக்கி இறங்குறப்ப, கம்பிவடத்தை மாட்டிட்டுக் கையத் தூக்கிக்கிட்டு அண்ணாந்து நிக்கிறவன் எவன்? உங்க கண்ணை நம்பித்தானே என் தலை அங்க நிக்குது?"

வெளியே கோச் விசிலடித்தார். கதவு குழாயை மூடினான்.

"ஆட்டம் முடியட்டும். பேசிக்கலாம்."

மைத்துனன் அவன் சட்டையைப் பிடித்தான், பிறகு விட்டுவிட்டான். "இடது பக்கம் பந்து போனா நான் பெஞ்சுல இருந்து கத்துறேன். நான் என்ன மனுஷனோ தெரியல. கத்துறேன், போங்க."

எதிரணியில் அந்த இடது மூலைக்கென்றே ஒருவன் இருந்தான். குள்ளம், இடக்கைக்காரன், மொட்டைத் தலை. கதவின் வலது கோடியிலிருந்து பந்தைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுவருவார்கள். கடைசியில் அது அவனிடம் போகும். மூலையிலிருந்து எகிறி, காற்றில் மிதந்தபடி கோலை நோக்கிச் சரிவான். கீப்பருக்கு மிக அருகில் வந்துதான் கையை விடுவான்.

முதல் பாதியில் அவர்களுடைய பெஞ்சு கதவின் இடது பக்கமாக அமைந்தது. "இடது!" என்று மைத்துனன் அலறுவான். எதிரிகளுக்குப் பாஷை புரியாது. கதவு திரும்பிப் பார்க்க நேரமில்லாமல், கையையும் காலையும் விரித்து அந்தப் பக்கம் பாய்வான். பாய்ந்த பிறகுதான் குள்ளன் தெரிவான். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு தலை, ஒரு தோள், ஒரு பந்து திடீரென்று முளைக்கும், முகத்துக்கு நேராக. பந்து முழங்கையில் பட்டது, தொடையில் பட்டது, ஒரு முறை அடிவயிற்றில் பட்டது. உள்ளே போகவில்லை. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்களுக்கு அது திறமையாகத் தெரிந்தது.

பாதி ஆட்டம் முடிந்தபோது ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். லாரி அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். "பூட்டின வீடுடா இது! திருடன் வந்தா திண்டாடித்தான் போகணும்!" கதவு அவன் தோளுக்கு மேலாக மைத்துனனைப் பார்த்தான். கத்திக் கத்தி அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. தண்ணீர்ப் புட்டியை நீட்டினான். கதவின் கை அதற்கு இப்பாலேயே காற்றைப் பிடித்தது. மைத்துனன் புட்டியை அந்தக் கைக்குள் திணித்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

இரண்டாம் பாதிக்குப் பக்கம் மாறியது. பெஞ்சு இப்போது கதவின் வலது கைப் பக்கம். இடது மூலைக்குப் பின்னால் எதிரணியின் ஆதரவாளர்கள் முரசுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மைத்துனன் வாயைத் திறப்பது தெரிந்தது. குரல் வந்து சேரவில்லை.

முதல் பந்து எப்போது உள்ளே போனது என்றே கதவுக்குத் தெரியாது. வலை குலுங்கிய பிறகு திரும்பினான். இரண்டாவதும் அப்படித்தான். குள்ளன் திரும்பி ஓடும்போது கதவை ஒருமுறை உற்றுப் பார்த்தான். நாய் மோப்பம் பிடிப்பது போல இருந்தது அந்தப் பார்வை. அதற்குப் பிறகு அவர்கள் எறிந்ததெல்லாம் அந்த மூலையிலிருந்துதான்.

மூன்றாவது பந்து தோளில் இடித்து மேலே போனது. தடுத்தான் என்று ஜனங்கள் கத்தினார்கள். அவன் தடுக்கவில்லை, பந்துதான் அவனைக் கண்டுபிடித்தது. தோளில் பட்டது ஒரு சாண் நகர்ந்து முகத்தில் பட்டிருந்தால்? இடது கண்ணில் பட்டால் போகட்டும், அங்கே இனி என்ன இருக்கிறது. வலதில் பட்டால்? அந்த நினைப்பு வந்த பிறகு அவனால் நேராக நிற்க முடியவில்லை. பந்து யார் கையில் இருந்தாலும் தலை தானாகவே ஒதுங்கியது. கழுத்தை இழுத்து நிமிர்த்தினால், மறுபடி ஒதுங்கியது. பிசின் நாற்றமும் வியர்வை நாற்றமும் தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொண்டன. சுற்றிலும் அத்தனை ஆயிரம் பேர் இருக்க, பாழடைந்த கப்பலின் அடித்தட்டில் தனியாக நிற்பது போல இருந்தது.

"கதவே, தூங்குறியா?" லாரி திரும்பிக் கத்தினான். "அந்தக் குள்ளனை நான் பாத்துக்கிறேன், நீ முழிச்சிரு!"

லாரி பார்த்துக்கொண்ட லட்சணம், ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் குள்ளனைப் பாய்ந்து பிடித்துத் தரையில் சாய்த்தான். அப்போது இரண்டு அணியும் சமமான கோலில் இருந்தன. நடுவர் ஏழு மீட்டர் கோட்டைக் காட்டினார். குறுக்கே யாருமில்லாமல் ஒருவன் எறிவான், கீப்பர் தடுக்க வேண்டும். கடிகாரத்தை நிறுத்தினார்கள்.

குள்ளனே வந்தான். பந்தை விரல்களால் உருட்டிப் பிசினைப் பதம் பார்த்தான்.

கதவு வழக்கம்போல் கோலை விட்டு முன்னால் நடந்தான். குள்ளன் நேர் எதிரே இருந்தான், முழுசாகத் தெரிந்தான். மொட்டைத் தலை, அதில் வழியும் வியர்வை, பந்தைக் கவ்விய கை, எல்லாம் தெரிந்தது. எவ்வளவு தள்ளி இருக்கிறான் என்பதுதான் தெரியவில்லை. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தது. அடுத்த நொடி, கப்பலின் அந்தக் கோடியில் நிற்பது போல இருந்தது. அவனுக்குப் பின்னால் இருந்த ஆட்கள், விளம்பரப் பலகை, நாற்காலிகள், ஜனங்கள் எல்லாமே ஒரே சுவரில் ஒட்டிய படம் மாதிரி தட்டையாகிவிட்டிருந்தன.

வலப்பக்கம் பெஞ்சைப் பார்த்தான். மைத்துனன் எழுந்து நின்று இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டிருந்தான். அவன் தலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கதவு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். தினமும் மேலிருந்து பார்க்கிற தலை. கொக்கியை இறக்கிக்கொண்டே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும் என்று நிறுத்துகிற தலை. இப்போது நிறுத்து என்றால் எங்கே நிறுத்துவான்? தெரியவில்லை. மனசுக்குள் கொக்கி இறங்கிக்கொண்டே இருந்தது.

கதவு கையைத் தூக்கினான். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அவன் பெஞ்சை நோக்கி நடந்தான்.

"எங்கடா வர்ற?" கோச் பாய்ந்து வந்தார். "அங்க நில்லுடா! பைத்தியமா உனக்கு?"

"கண்ணு தெரியல, கோச்."

"என்னது?"

"இடது கண்ணு. முந்தாநாள்ல இருந்து."

டாக்டரம்மா பெஞ்சின் கோடியிலிருந்து எழுந்து வருவதைக் கதவு பார்த்தான். இனி திரும்ப அள்ள முடியாது. கொட்டியாகிவிட்டது.

மைத்துனன் மேல்சட்டையைக் கழற்றப் போனான். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் அது கீழேயும் வரவில்லை, மேலேயும் போகவில்லை. கதவு பிடித்து ஓர் இழுப்பில் பிய்த்துவிட்டான்.

"எங்க அடிப்பான் மாமா?"

"தெரியலடா."

"ஏதாவது சொல்லுங்க."

"முகத்தை மூடாத. அவ்வளவுதான்."

மைத்துனன் போனான். டாக்டரம்மா கதவைத் தரையில் உட்காரவைத்து, தாடையைப் பிடித்து நிமிர்த்தி, விளக்கை அடித்தார். வெள்ளை வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. விசில் கேட்டது. ஷூ தரையில் தேய்ந்த சத்தம் கேட்டது. முரசுக்காரர்கள் இருந்த பக்கம் வெடித்தது. கோல்.

பிறகு லாரி சொன்னான்: மைத்துனன் முகத்தை மூடவில்லை. கண்ணைத் திறந்துகொண்டுதான் பாய்ந்தான். பந்து அக்குளுக்குக் கீழே போய்விட்டது. ஒரு கோலில் தோற்றார்கள்.

"பொறி பறந்துச்சா?" டாக்டரம்மா கேட்டார்.

"ஆமா."

"எப்ப?"

"பந்து பட்ட அன்னைக்கே."

"அப்புறம் நிழல் விழுந்துச்சு. இல்ல?" அவர் இடது பக்கமாகக் கையை எங்கோ பிடித்தார். "என் கை தெரியுதா?"

"தெரியல."

"இப்ப?"

"தெரியல, டாக்டரம்மா."

அவர் விளக்கை அணைத்தார். சற்று நேரம் அவனைத் திட்டப் போகிறவர் மாதிரி பார்த்தார். திட்டவில்லை. "அன்னைக்குக் கண்ணுக்குள்ள ஒரு கிழிசல் மட்டும்தான் இருந்திருக்கும். அப்பவே வந்திருந்தா அதை ஒட்டி அனுப்பியிருப்பாங்க. ஓய்வு எடுத்துட்டு நீ மறுபடி மேல ஏறியிருக்கலாம். இப்ப கண்ணோட உள்படலமே, விழித்திரையே கழண்டு தொங்குது."

கதவுக்கு அதைப் புரிந்துகொள்ளச் சிறிது நேரம் பிடித்தது. மேலே ஏறியிருக்கலாம். ஏற விடமாட்டார்கள் என்று பயந்துதானே சொல்லாமல் இருந்தான்.

"இப்ப ஏறலாமா?"

"முதல்ல கண்ணைக் காப்பாத்தப் பாப்போம்."

"கேபின், டாக்டரம்மா?"

அவர் யாரையோ கூப்பிட்டு வண்டி கேட்டார். "தலையை ஆட்டாத. திருப்பாத. எது நடந்தாலும் திருப்பாத" என்று மட்டும் சொன்னார்.

தள்ளுவண்டியில் சாய்த்து, கழுத்தின் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்தார்கள். நீளமான நடைபாதை. கூரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து போயின. டாக்டரம்மா முன்னால் போனில் பேசிக்கொண்டே போனார். அவர் பேச்சில் 'இன்னைக்கே' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. ஊரில் பெண்டாட்டி டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவன் பாதியில் எழுந்து நடந்ததைப் பார்த்திருப்பாள். காயம் என்று நினைத்திருப்பாளா, பயந்துவிட்டான் என்று நினைத்திருப்பாளா?

"மச்சான் எங்க?" என்று கேட்டான்.

"இங்கதான் மாமா இருக்கேன்."

குரல் காதுக்குப் பக்கத்திலேயே வந்தது. கதவின் உடம்பு தூக்கிப் போட்டது. தலையைத் திருப்பப் போனவன் பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டான்.

"எப்ப வந்த?"

"வண்டி கிளம்பினதுல இருந்து கூடத்தான் வர்றேன். உங்க கையத்தான் பாத்துக்கிட்டு வர்றேன்."

இடது பக்கம் கறுப்பாக இருந்தது. அதற்குள் அவன் நடந்துகொண்டிருக்கிறானாம்.

"பேசிக்கிட்டே வாடா" என்றான் கதவு.

"என்ன பேசுறது?"

"எதையாவது பேசு. நீ சும்மா வந்தா, இருக்கியா இல்லையான்னு தெரியல."

மைத்துனன் மூக்கை உறிஞ்சினான். தொண்டை கட்டிய குரலில் ஆரம்பித்தான். "அவன் கீழ பாத்தான் மாமா. கீழதான் விடப்போறான்னு நினைச்சேன். கையை நல்லாத்தான் விரிச்சேன், கண்ணையும் மூடல..." வாசல் கதவுகள் திறந்தன, வெளிக்காற்று அடித்தது, வண்டியின் சக்கரம் படியில் தடுக்கியது. "ம், அப்புறம்?" என்றான் கதவு. "நிறுத்தாத. அப்புறம் என்னாச்சு?"